போருக்கும் விலக்கு இல்லை

போரில் பிடிபட்டவரிடம் உண்மையை வரவழைக்க அடிப்பது தவிர்க்க முடியாதது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஏற்க முடியாது. 1984ஆம் ஆண்டின் ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான சமவாயம் போரைக்கூட விலக்காக ஏற்கவில்லை. இலங்கை 1994இல் அதில் இணைந்தது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கியது. வாக்குமூலமே சாட்சியம் என்றால் அதை வாங்க அடிப்பார்கள்; அடி அங்கேதான் தொடங்குகிறது. தடுப்புக்காவலிலிருந்து விடுதலையாகி எங்கள் ஊருக்கு வந்த ஒருவருக்கு இன்றும் தோள் எழும்பாது. சட்டைப் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுகிறார். அவர் ஒப்பமிட்ட வாக்குமூலத் தாள் சிங்களத்தில் இருந்தது, அவருக்கு அது வாசிக்கத் தெரியாது.

முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசியில் பொங்குகிறோமே, அந்தக் கண்ணகி யார்? தீர விசாரிக்காமல் கொன்ற அரசனிடம் நீதி கேட்டவள். மடு தேவாலயத்து மாதாவின் மகன் இயேசுவும் சாட்டையடி பட்டவர்தான். இவர்களைக் கும்பிட்டுவிட்டு, கை கட்டப்பட்டவனை அடிக்க நியாயம் சொல்ல எப்படி மனம் வருகிறது? அடித்தது இராணுவமா போராளி இயக்கமா என்று பார்த்து என் பதில் மாறாது.