பரம்பரையாக வந்தது கை மட்டும்தான்

கைவினைக் கண்காட்சியின் நிறைவு நாளில் மேடையில் சொல்லப்பட்டதை இந்நேரம் நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்த ஒலிப்பதிவை எனக்கே இருபது பேருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். ஆகவே என்ன நடந்தது என்று மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பனையோலைப் பெட்டி முடைகிற எங்களைப் பற்றி, "இவர்கள் பரம்பரையாகச் செய்கிறவர்கள், கை பழகிய வேலை. வடிவமைப்புப் பிரிவில் சேர்ப்பதற்கு இதில் சொந்தக் கற்பனை என்று ஒன்றும் இல்லை" என்று நடுவர் சொன்னபோது நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று எழுந்து பேச நா வரவில்லை. ஊர் திரும்பி நான்கு நாள் ஆகியும் அந்தச் சொல் மனத்தை விட்டு இறங்காததால் இங்கே எழுதுகிறேன்.

பரிசு கிடைக்கவில்லை என்பது என் வருத்தம் அன்று. பரிசு பெற்ற பெண்ணின் வேலை நேர்த்தியானது. அவருடைய மண்விளக்குகளில் ஒன்றை நானே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன், இப்போதும் எங்கள் வீட்டுத் திண்ணை மாடத்தில் இருக்கிறது. அந்த விளக்குகளுக்கு முன்னால் வைத்திருந்த அட்டையில், தென்கடற்கரையின் அலைகளைப் பார்த்து உருவாக்கியவை என்று எழுதியிருந்தார். நல்லது, பார்த்திருப்பார், உருவாக்கியிருப்பார். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: வெளியூரிலிருந்து வந்து பார்த்தவருக்கு அது கற்பனை என்றால், அதே கரையில் பிறந்து அதையே பார்த்து முடைகிற எனக்கு மட்டும் அது எப்படிப் பழக்கமாகிவிடும்?

பரம்பரையாக எனக்கு வந்தது கை மட்டும்தான். ஓலையை வார்வதும், ஈர்க்கை உரிப்பதும், மூலை மடக்குவதும் ஆச்சியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து எனக்கும் வந்தவை, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் எதைப் பார்ப்பது, பார்த்ததை ஓலைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதை யாரும் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

கண்காட்சியில் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்த அந்த மணல்வரிப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் உடன்குடிக்குப் பக்கம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கொஞ்ச தூரம் போனால் குதிரைமொழித் தேரி. இரும்புத் துரு படிந்து சிவந்த மணல், கண்ணுக்கு எட்டிய வரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். ஆனி, ஆடியில் மேற்கே மலைக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று இந்த மணலை வாரி வாரிப் போட்டு, மேடுகளின் முதுகில் வரி வரியாகக் கோலம் இழுத்து வைக்கும். காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நிழல். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான், ஆனாலும் அதை ஒரு பெட்டி மூடியில் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றியது மூன்று வருடங்களுக்கு முந்திய ஓர் ஆடி மாதத்தில்தான்.

தோன்றிய உடனே வந்துவிடவில்லை. முதலில் இரண்டு நிறக் கீற்றுகளைச் சாய்வாகப் பின்னினேன். பார்த்தால் சட்டைத் துணிக் கோடு மாதிரி இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் விடியற்காலையில் தேரிக்குப் போய்க் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. மணல்வரி ஒரே தடிமனில் கடைசி வரை ஓடுவதில்லை, போகிற வழியில் ஓர் இடத்தில் கவட்டை போல இரண்டாகப் பிரிகிறது, பிரிந்தவை மெலிந்து இன்னொரு வரியோடு போய்ச் சேர்கின்றன. அப்படியானால் ஓலையும் பாதி வழியில் பிரிய வேண்டும். பின்னிக்கொண்டே வரும்போது கீற்றை நடுவில் நகத்தால் கீறி இரண்டாக்கி, அந்த மெல்லிய இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தேன். காற்றடிக்கிற நாளில் ஓலை காய்ந்து முறிந்துபோகும், ஈரத்துணியில் அதிகம் சுற்றினால் துவண்டு இழுவைக்கு நிற்காது. சாயமும் அப்படித்தான், கடையில் வாங்கிய சிவப்பை அப்படியே காய்ச்சினால் திருவிழா மிட்டாய் நிறம் வருகிறதே தவிரத் தேரியின் நிறம் வருவதில்லை, காவியும் பழுப்பும் கலந்து கலந்து பார்க்க வேண்டியிருந்தது. ஏழு மூடிகள் வீணாயின. எட்டாவதுதான் நீங்கள் பார்த்தது.

இதில் கை பழகிய வேலை எது, கற்பனை எது என்று அந்த நடுவர் எனக்குப் பிரித்துக் காட்டட்டும்.

ஆச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆச்சி கருப்பட்டி போட்டு அனுப்புகிற பெட்டிகளை முடைந்தவள். வியாபாரி வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போவார், ஊரிலிருந்த அத்தனை பெண்களின் பெட்டிகளும் ஒரே குவியலாகக் கிடக்கும். ஆச்சி மட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் உள்மூலையில் ஒரு கீற்றை மடக்காமல் ஒரு முறுக்கு முறுக்கி உள்ளே செருகுவாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விரலை விட்டுத் தடவினால் தெரியும். எனக்குப் பத்து வயது இருக்கும், ஏன் ஆச்சி இப்படி என்று கேட்டேன். "ஏட்டி, நம்ம பெட்டி எதுன்னு நமக்குத் தெரியாண்டாமா?" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண், எண்ணிக்கைக்குப் போகிற பெட்டியில், வாங்குகிறவர் கண்ணில் படவே படாத இடத்தில் தன் அடையாளத்தை வைத்தாள். பரம்பரை என்று ஒற்றைச் சொல்லில் மூடிவிட்டுப் போகிறார்களே, அந்தப் பரம்பரைக்குள் இப்படி எத்தனை பேர் தனித்தனி ஆட்களாக இருந்தார்கள் என்பதை ஒரு தடவையாவது யாராவது கேட்டிருக்கிறார்களா?

பதிவின் கீழே வரப்போகிற பதில்கள் எனக்கு இப்போதே தெரிகின்றன, பாதி ஏற்கெனவே வேறு இடங்களில் வந்துவிட்டன.

உங்கள் குழுவில் பதினொரு பெண்களும் அதே பெட்டியைத்தானே செய்கிறீர்கள், அப்புறம் என்ன சொந்தக் கற்பனை என்று கேட்கிறார்கள். ஆம், செய்கிறோம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இனியும் சொல்லிக்கொடுப்பேன். ஒருத்தி கண்டுபிடித்ததை மற்றவர்களும் செய்து பிழைப்பதால், கண்டுபிடித்தது இல்லையென்று ஆகிவிடாது. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற ஸ்தபதிகளுக்குத் தலை முதல் கால் வரை அளவு வகுத்த சிற்ப நூல் இருக்கிறது, தென்னை ஓலையிலிருந்து நறுக்கிய அளவுக் கீற்றை மடித்து மடித்தே இன்றும் அளக்கிறார்கள். அளவு நூலில் இருக்கிறது, ஆனால் சிலையின் முகத்தில் வருகிற சாந்தம் நூலில் இல்லை, அதனால்தான் இது இன்னாருடைய கை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களைக் கலைஞர்கள் என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். ஓலை முடைகிற பெண்ணுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது?

வியாபாரி கொடுத்த மாதிரியைப் பார்த்து மாற்றமே இல்லாமல் செய்து குவிப்பவர்களும் இருக்கிறார்களே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இருக்கிறார்கள். அந்த வேலையும் தேவைதான், அதையும் நான் செய்திருக்கிறேன். ஆனால் நடுவர் ஒவ்வொரு கடையாக வந்து பார்த்து, இது மாதிரி பார்த்துச் செய்தது, இது புதிதாகச் செய்தது என்று பிரித்தாரா? எங்கள் வரிசைக்கு அவர் மூன்று நாளில் ஒரு முறை வந்தார், நடந்துகொண்டே பார்த்தார், எதையும் கையில் எடுக்கவில்லை.

புவிசார் குறியீடு வாங்க வேண்டியதுதானே என்பது அடுத்த யோசனை. செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் பத்தமடைப் பாய்க்கும் 2013இல் கிடைத்தது, எங்கள் உடன்குடிக் கருப்பட்டிக்கே 2023இல் கிடைத்துவிட்டது, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் குறியீடு ஊரின் பெயரையும் பொருளின் பெயரையும் காக்கும், ஒருத்தி தேரியில் குனிந்து உட்கார்ந்து கண்டுபிடித்த வடிவத்தை அவளுடையது என்று சொல்லாது. வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாமே என்றால், சந்தையில் வைப்பதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். விற்று வீட்டுச் செலவைப் பார்க்கிற எங்களுக்கு அது எப்போது நினைவுக்கு வரும்? நான் சட்டப் பாதுகாப்பும் கேட்கவில்லை. எனக்குக் கற்பனை இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்காமல் இருந்தால் போதும் என்கிறேன்.

விற்பனைக்குச் செய்வது கலையாகுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை. பரிசு பெற்ற விளக்கும் விற்பனைக்குத்தான் இருந்தது.

என்னை உண்மையிலேயே வருத்தியது வேறொன்று. கடை போட இடம் இலவசமாகக் கொடுத்தார்களே, நன்றி வேண்டாமா என்று கேட்டவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள், சிலர் என் பெட்டிகளை வாங்கியவர்கள். இடம் கொடுத்ததற்கு நான் முதல் நாளே நன்றி சொல்லிவிட்டேன். மூன்று சாக்கில் சரக்கைக் கட்டிக்கொண்டு நானும் இன்னொருத்தியும் செந்தூர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்தோம், சாக்கை எவரும் மிதித்துவிடக் கூடாதே என்று முறை வைத்து விழித்திருந்தோம். மூன்று நாளும் நின்றுகொண்டே வேலை பார்த்தோம், வந்தவர்களுக்கெல்லாம் முடைந்து காட்டினோம். அந்தக் கூடத்துக்கு அழகு சேர்த்ததில் எங்கள் கடைகளுக்கும் பங்கு உண்டு, அழைப்பிதழின் அட்டையில் அச்சாகியிருந்தது எங்கள் குழுப் பெண் ஒருத்தியின் கை. அந்தக் கைக்குப் பெயர் போடவில்லை. அப்போதுகூட நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேடையில் சொல்லப்பட்டது மேடையோடு போய்விடுவதும் இல்லை. அன்று மாலையே ஓர் அம்மா வந்தார், மணல்வரிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், 900 ரூபாய் என்றதும், "அதான் பரம்பரையா வர்றதுன்னு சொல்லிட்டாங்களே, வெறும் ஓலைதானே, முந்நூறுக்குக் குடும்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, மேடையில் கேட்டதை வைத்துத்தான் அவர் விலை பேசினார். ஓலைக்கும் சாயத்துக்கும் எனக்கு ஆவது நூறு ரூபாய்க்குள். மீதி இரண்டு முழு நாள் உழைப்பு, அதற்குப் பின்னால் அந்த ஏழு மூடிகள். கற்பனை இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த ஏழு மூடிகளுக்குக் கூலி கிடையாது, அவை வெறும் குப்பை. நடுவருக்கு அது ஒரு வாக்கியம், எனக்கு அது பெட்டிக்கு அறுநூறு ரூபாய்.

வெறும் ஓலை என்ற சொல்லையும் விட்டுவிட முடியவில்லை. பனை நம் மாநில மரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம், மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று உத்தரவும் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் குருத்தோலைக்கு ஆள் ஏற வேண்டும், ஏறத் தெரிந்தவர்கள் இன்று எங்கள் ஊரில் மூன்று பேர்தான், மூவருக்கும் அறுபது வயதைத் தாண்டிவிட்டது. ஒரு மரம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு குருத்துத்தான் விடும், ஆசைப்பட்டு அடுத்தடுத்து வெட்டினால் மரம் நலிந்துபோகும். அவர்களில் ஒருவர் ஏறி, வெட்டி, பத்திரமாக இறக்கி, நாங்கள் வெயிலில் பதமாகக் காயவைத்து எடுத்த பிறகுதான் அது உங்கள் கைக்கு வருகிறது. அதை வெறும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஊருக்கு வந்த அன்று இரவு என் மகள் அந்த ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஆறுமுகநேரிப் பக்கம் போகும்போது பேருந்தின் சன்னல் வழியாக உப்புப் பாத்திகளைப் பார்த்து, உப்பு விளையுமுன் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுகிற பாத்தி ஒன்று, வெள்ளையாக உறைந்த பாத்தி ஒன்று, வானம் மட்டும் தெரிகிற பாத்தி ஒன்று என்று கட்டம் கட்டமாகக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்து வைத்திருக்கிறாள். சதுரக் கட்டம் ஓலைக்கு இயல்பாகப் பொருந்தும், இதை விசிறியில் போடலாமா என்று போன மாதம் என்னிடம் கேட்டாள். அன்று இரவு அலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீ செய்யறது சும்மாவாம்மா?" என்றாள். அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது என்னோடு இருக்கட்டும். ஆனால் முப்பது வருடம் ஓலையோடு இருந்த எனக்கே நான்கு நாள் தூக்கம் கெட்டது என்றால், பதினைந்து வயதுப் பிள்ளை அந்த நோட்டை மறுபடி எடுப்பாளா மாட்டாளா என்று நான் பயப்படுவதில் என்ன தவறு?

நடுவருக்கு நான் தனியாகவும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். வரும் ஆடியில் வாருங்கள், விடியற்காலையில் தேரிக்கு அழைத்துப் போகிறேன், வரி எங்கே பிரிகிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள் என்று எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். இதுவரை பதில் இல்லை.

மணல்வரிப் பெட்டி வேண்டும் என்று தனிச்செய்தியில் கேட்ட பதினாறு பேருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைவசம் நான்குதான் இருக்கின்றன, மற்றவர்கள் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். விலை 900 ரூபாய், அஞ்சல் செலவு தனி, குறைத்துத் தர மாட்டேன். பெட்டி கைக்கு வந்ததும் உள்மூலையில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், ஒரு முறுக்கு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அது நான் முடைந்தது அன்று, திருப்பி அனுப்பிவிடுங்கள்.