பிளாட் வாங்கும் முன் யூடிஎஸ் கணக்கைப் போடுங்கள்

முதலீட்டுக்காக சென்னையில் பிளாட் பார்ப்பவர்கள் சதுர அடி விலை கேட்கிறார்கள், ஜிம் இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். யூடிஎஸ் எவ்வளவு என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. நிலத்தில் உங்கள் பெயருக்கு எழுதித் தரும் பிரிக்கப்படாத பாகம்தான் அது. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான்.

80 லட்சத்துக்கு வாங்கிய வீடு மாதம் 20,000 வாடகைக்குப் போகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 2,40,000, அதாவது 3 சதவீதம். ஒரு மாதம் காலியாகக் கிடந்து, சொத்து வரி, பெயின்ட், பிளம்பர் என்று இன்னொரு 20,000 போனால் இரண்டரைதான் மிஞ்சும். பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும். அப்படியானால் லாபம் விலை ஏற்றத்தில்தான் வர வேண்டும். கட்டடம் வருஷா வருஷம் தேயும். ஏறுவது மண்.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நிலத்தின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவுதான் எஃப்எஸ்ஐ. சாதாரண உயரக் கட்டடத்துக்கு அது 2 என்பதால் 4,800 சதுர அடி கட்டலாம். 1,200 வீதம் நாலு வீடு வந்தால் ஆளுக்கு 600 யூடிஎஸ். அகலமான ரோட்டில் எழும் உயர்மாடிக் கட்டடத்தில் எஃப்எஸ்ஐ 3.25 வரை போகும். அங்கே அதே 1,200 அடி வீட்டுக்கு சுமார் 370தான். இரண்டு இடத்திலும் நிலம் அடி 7,000 என்றால் முதல் வீட்டில் உங்கள் மண் 42 லட்சம், இரண்டாவதில் 26 லட்சத்தைத் தொடாது. இரண்டுக்கும் 80 லட்சமே கேட்டால் எது மலிவு என்று நீங்களே பாருங்கள்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன நாலு வீட்டுக்கும் 550 வீதம் எழுதினால் கூட்டுத்தொகை 2,200. மீதி 200 அடி பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். நாளைக்கு மொட்டை மாடியில் ஒரு தளம் எழுப்ப அதுவே பிடிமானமாகிவிடும். கட்டடத்தை இடித்துக் கட்டும் காலத்திலும் அவர் பங்குக்கு வந்து நிற்பார். பெரிய வளாகமென்றால் ஓஎஸ்ஆர் என்று உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த நிலத்தையும் சேர்த்துப் பங்கு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த நிலம் உங்களுடையது இல்லை.

சரிபார்ப்பது சுலபம். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் எடுங்கள். ஒவ்வொரு கிரயத்திலும் எத்தனை அடி போயிருக்கிறது என்று அதில் இருக்கும். ஒரு பேப்பரில் கூட்டுங்கள். விற்காத வீடுகளின் பாகத்தை பில்டரிடம் எழுத்தில் வாங்கிச் சேருங்கள். மொத்தம் பத்திரத்தின் ஏ ஷெட்யூலில் உள்ள நில அளவோடு பொருந்த வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் விளக்கம் கேளுங்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.

கணக்கு பொருந்தும்வரை பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ரியல் எஸ்டேட்டைக் கண்காணிக்கும் ஆணையமான ரெராவில் பதிவான திட்டமென்றால், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமையே கிடையாது.