மக்கேபாவின் கிராமி ‘பாட்டா பாட்டா’வுக்கு இல்லை

அண்ணே, மார்ச் 4 நம் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபா பிறந்தநாள் என்று உங்கள் பதிவில் நீங்கள் போட்டது சரிதான், 1932, ஜோகன்னஸ்பர்க். ஆனால் ‘பாட்டா பாட்டா’ பாடித்தான் கிராமி வாங்கினார் என்பது தப்பு. அந்தப் பாட்டு அமெரிக்காவில் ஹிட்டானதே 1967-இல். விருது அதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டது, அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபாண்டேயோடு சேர்ந்து போட்ட ஆல்பத்துக்கு, நாட்டுப்புற இசைப் பிரிவில். பெலஃபாண்டே பெயரைப் பார்த்துக் காதல் டூயட் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலு, சோத்தோ, சுவாஹிலி என்று ஆப்பிரிக்க மொழிப் பாட்டுகள். அப்போது இங்கே தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின் பிரதமராக இருந்த ஃபெர்வுர்டைப் பெயர் சொல்லியே எச்சரிக்கும் பாட்டும் ஒன்று உண்டு. என்ன துணிச்சல்! நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த் கல்யாணங்களில் டீஜே போடுவது என்னவோ ‘பாட்டா பாட்டா’தான். மக்கேபாவே அதைப் பெரிய பாட்டாக மதித்ததில்லை. பதிவைத் திருத்திவிடுங்கள், பிள்ளைகள் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள்.