ஓவர்சைஸ் டீ-ஷர்ட்: காப்பியும் இல்லை, சீனச் சரக்கும் இல்லை

நண்பரே, "சின்ன ஊர்ப் பசங்க போடுற ஓவர்சைஸ் டீ-ஷர்ட் எல்லாம் சீன இறக்குமதி, பெருநகரத்தில் பழசானதைத்தான் காப்பி அடிக்கிறாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

முதலில் துணி. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் எல்லாம் அந்த ஊரையும் அதன் சுற்று வட்டாரத்தையும் சார்ந்தது. உள்நாட்டு பிராண்டுகளும் அங்கே தைக்கக் கொடுக்கின்றன. ஓவர்சைஸ் என்பது டபுள் எக்ஸ்எல் வாங்கி மாட்டிக்கொள்வதும் அல்ல. தோள் தையல் கை மேல் இறங்கி நிற்க வேண்டும், அதற்குத் தனி பேட்டர்ன் உண்டு. துணியும் கனமாக, பெரும்பாலும் 220-240 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இருக்கும். சாதாரண டீ-ஷர்ட் 160-180தான். அந்தக் கனம் இல்லாவிட்டால் தொளதொளவென்று தொங்கிவிடும். இதை வெட்டித் தைப்பவர்களின் கைத்திறனை இறக்குமதி என்று ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்து காப்பி. மணிப்பூரில் 2000இல் ஒரு ஆயுதக் குழு இந்திப் படங்களுக்குத் தடை போட்டது. அந்த இடத்தில் கொரியத் தொடர்கள் நுழைந்தன. இம்பால் இளைஞர்களின் முடியும் உடையும் கொரிய பாணிக்கு மாறியபோது, டெல்லியிலும் மும்பையிலும் அந்த அலை வந்திருக்கவே இல்லை. இப்போது ரீல்ஸ் வேறு, தேனிக்கும் சென்னைக்கும் ஒரே நாளில் போய்ச் சேருகிறது.

ஷூ பற்றிச் சொன்னீர்களே, போலி முத்திரை நிறைய ஓடுகிறது என்று. அது மட்டும் சரி.