கோபுரத்துக்குள் குழாய்

பழைய நீரேற்று நிலையங்களின் கோபுரமும் உயரமான சுவர்களும் வெறும் பகட்டு என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. வாசல் வளைவும் பூவேலையும் பகட்டுதான், சரி. ஆனால் லண்டன் கியூ பிரிட்ஜ் நிலையத்தின் செங்கல் கோபுரத்தைப் பாருங்கள். தூரத்திலிருந்து மாதா கோயில் மணிக்கூண்டு மாதிரி தெரியும். உள்ளே மணியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, செங்குத்தாக நிற்கும் நீர்க்குழாய்கள். நீராவி எந்திரம் விட்டுவிட்டுத் தண்ணீரை உந்தும்போது எழும் அதிர்ச்சியை அந்தக் குழாய்களில் ஏறி இறங்கும் நீர் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் தெருவுக்கடியில் ஓடும் குழாய்கள் தாங்காது. கட்டட உயரமும் அப்படித்தான். அங்கே 1846இல் வைத்த ஓர் எந்திரத்தின் சிலிண்டர் 90 அங்குல விட்டம். அதற்கு மேலே ஏறி இறங்கி ஆடும் இரும்பு உத்தரத்துக்கு இடம் வேண்டாமா? எந்திரத்தின் அளவுக்குத்தான் கட்டடமே எழும்பியது. அப்புறம், கட்டுரைக்கு எனக்கு முன்னால் கருத்து எழுதிய ஒருவர் 'இன்றைய பம்ப் நிலையம் எல்லாம் தகரக் கொட்டகை' என்கிறார். நம்ம சிங்கப்பூர் மரினா அணைக்கட்டை மறந்துவிட்டார் போல. 2008இல் திறந்த அதன் பம்ப் கூடத்தின் கூரைதான் வார இறுதியில் நாம் பட்டம் விடும் புல்வெளி. கீழே 7 ராட்சத பம்புகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளக்கூடியவை. கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால்தான் அவற்றுக்கு வேலை. மற்றபடி மதகைத் திறந்தாலே போதும். பாய் விரித்துக் கறிபஃப் சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. குறை சொல்லவேண்டுமென்றால் நிழலைச் சொல்லலாம்; நாலு மணிக்கு முன்னால் அந்தக் கூரையில் ஏறினால் மண்டை காய்ந்துவிடும்.