பழைய அண்டர்கோட்டுக்கு மேல புதுசு அடிச்சா காணுமா? காணாது

மாரி தொடங்க முதல் வட்ஸ்அப்பில ஒரு கதை சுத்துது, "பழைய காரின்ர அடியில இருக்கிற அண்டர்கோட்டை, அதாவது தார்ப் பூச்சை, சுரண்டாதைங்கோ, அதுதான் தகரத்தைக் காப்பாத்துது, மேலால இன்னொரு கோட் அடிச்சாக் காணும்" எண்டு. பிழையான கதை. கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் மொறிஸ் மைனர் எண்ட பழைய இங்கிலாந்துக் கார் வச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து நம்பவேண்டாம்.

தார்க் கோட் பழசாகக் காய்ஞ்சு வெடிக்கும், அந்த வெடிப்பால தண்ணியும் சேறும் போய் தகரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில நிக்கும், வெளியால கறுப்பா வடிவா இருக்கும் ஆனா உள்ளுக்கை கறல் திண்டுகொண்டிருக்கும். மேல புதுசு அடிச்சா அந்த ஈரத்தை உள்ளுக்கை வச்சு மூடுறீங்கள், அவ்வளவுதான். 1948 இல வந்த மைனருக்கு தனிச் சேஸி (அடிச்சட்டம்) இல்லை, காரின்ர தகர உடம்புதான் பாரம் தாங்குது, அடித்தகரம் உக்கினா காரின்ர பலமே போச்சு.

இறுக்கமா ஒட்டியிருக்கிற இடத்தை விடலாம். ஸ்குறூட்றைவர் பிடியால தட்டிப் பாருங்கோ, சத்தம் பொள்ளலாக் கேட்டா அந்த இடத்தை வெறுந்தகரம் தெரியுமட்டும் எடுக்கோணும். ஹீற் கன்னால (சூடான காத்து ஊதுற கருவி) மெல்ல இளக்கிச் சுரண்டி, சூடு ஆறின பிறகு மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால துடையுங்கோ. பெற்றோல் ராங்க், பைப் பக்கம் சூடே வேண்டாம், கையால மட்டும். கிறைண்டர் போடாதைங்கோ, அந்தக்காலத்துச் சில கோட்டில அஸ்பெஸ்ரஸ் இருந்தது, தூசி நெஞ்சுக்கை போனா ஆபத்து, மாஸ்க் கட்டாயம். வெறும் ஜக்கை நம்பி கீழ படுக்கவும் வேண்டாம், ஸ்ராண்ட் வையுங்கோ.

கறலை எடுத்து, எபொக்சி பிறைமர் (வெறுந்தகரத்துக்கு அடிக்கிற முதல் பூச்சு) அடிச்சு, அது நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் புதுக் கோட்.