2016-இல் பெண்களின் வாக்கு யாருக்கு?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் பெண்களில் பாதிக்கு மேல் ட்ரம்புக்கே வாக்களித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்லங்க. வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் எக்ஸிட் போல் கணக்கில் பெண்களில் 54 சதவீதம் எதிர்த்து நின்ற ஹிலாரி கிளிண்டனுக்கு, 41 சதவீதம்தான் ட்ரம்புக்கு. அந்தப் ‘பாதிக்கு மேல்’ வெள்ளையினப் பெண்களுக்கு மட்டும் உரியது: 52 சதவீதம். கறுப்பினப் பெண்களில் 94 சதவீதம் ஹிலாரி பக்கம். பகிரப்பகிர ‘வெள்ளையின’ என்ற சொல் எங்கோ உதிர்ந்துவிட்டது போல.

சிஎன்என் தளத்தின் 2016 எக்ஸிட் போல் பக்கத்தைத் தேடி எடுங்கள். பாலினக் கட்டத்தோடு நிறுத்தாமல், இனமும் பாலினமும் சேர்ந்த கட்டத்தையும் பாருங்கள். அப்புறம், உண்மையில் வாக்களித்தவர்களா என்று பதிவேட்டில் சரிபார்த்து பியூ ஆய்வு மையம் 2018-இல் வெளியிட்ட கணக்கும் உண்டு. அதில் வெள்ளையினப் பெண்களிடமே ட்ரம்ப் 47, ஹிலாரி 45 தான்.